டிரெய்லருக்கு ரெண்டு காது

எனக்கு ஒரு எடத்துல குந்த வராது. ஸ்கூல்லயும் அதான் பேஜாரு. மூணாங்கிளாஸ்ல வாத்தியார் என்ன பெஞ்சி மேல ஏறி நில்லுன்னாரு. ஏறினேன். பெஞ்சிலேர்ந்து ஜன்னலுக்கு ஏறினேன். ஜன்னல்லேர்ந்து அப்டியே வெளிய எறங்கிட்டேன். அதோட நம்ம படிப்பு முடிஞ்சிது. கவுருமெண்டு எனக்குன்னு ஒதுக்கி வெச்சிருந்த மீதி படிப்பு யாருக்குப் போச்சின்னு தெரியல. எட்த்துகினவன் நல்லா இருக்கட்டும்.

அப்டிப்பட்டவனுக்கு கெடச்ச வேல இன்னான்னா, படுத்துகினே செய்யற வேல. தாம்பரம் தாண்டி இரும்புலியூர்கிட்ட, ஜி.எஸ்.டி. ரோட்டோரமா ஒரு தகரக் கொட்டாய். பெரிய டிரெய்லருங்களுக்கு பிரேக் வேல. லைனிங் மாத்தறது, டிரம் கழட்டறது, காத்து ஓஸ் லீக் புடிக்கறது. வண்டிக்கு அடில ஒடம்பு படுத்துகினு இருக்கும், காலு ரெண்டும் வெளிய ஆடிகினே இருக்கும். ரோட்ல போறவங்க யாரோ அடிபட்டு துடிக்கிறான்னு நெனச்சி ஓடி வந்துருக்காங்க. ஒரு பெரியவரு மூஞ்சில தண்ணி தெளிக்கறேன்னு என் பேண்ட்ட நனைச்சிட்டுப் போனாரு.

சாதா பிரேக்குல எனக்கு பயம் கெடையாது. லீக்குன்னா புஸ்ஸுன்னும், எங்க புஸ்ஸுங்குதோ அங்க கைய வெச்சா முடிஞ்சிது. அந்த ரெண்டாயிரத்து சொச்சத்துல இன்னா ஆச்சின்னா, கேஸ் டேங்கர் டிரெய்லருங்கள்ல ஏ.பி.எஸ்.னு புது மாதிரி பிரேக்கு வர ஆரம்பிச்சிது. மொத மொத அந்த வண்டி ஒண்ணு கொட்டாய்க்குள்ள வந்தப்ப, நான் அடில படுத்து மேல பாத்தா ஒரு டப்பா, அதுலேர்ந்து ஒயர், அந்தாண்ட வால்வு. எவனோ டி.வி. கடைய கொண்டாந்து சேசிஸ்ல மாட்டிட்டான்னு நெனச்சேன்.

அப்பால கம்பெனி ஆளு ஒருத்தரு வந்து வேல செஞ்சப்ப பக்கத்துல நின்னு பாத்து கொஞ்சம் புரிஞ்சிகினேன். எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன், தப்பா இருந்தா என் மூணாங்கிளாஸ் வாத்தியார போய் கேளுங்க. மழையில காலி டிரெய்லர ஓட்டிகினு வந்து பிரேக்க ஒரே மிதியா மிதிச்சா, சக்கரம் அப்டியே நின்னுடும். ஆனா வண்டி நிக்காது. வழுக்கிகினு போவும். சக்கரம் சுத்தறத வுட்டுட்டா டிரெய்லருக்கு தெசைன்னு ஒண்ணு கெடையாது, கல்யாண வூட்ல குடிச்சிட்டு வந்த மாமன் மாதிரி எந்தப் பக்கம் வோணா சாயும்.

அதுக்குதான் இது. சக்கரத்தோட ஹப்புல பல்லு வெச்ச ஒரு ரிங்கு கீது. அதுக்கு எதிர்ல, ஒரு ஓட்டைல டைட்டா சொருவி, வெரல் மொத்தத்துக்கு ஒரு சென்சார். ரிங்கு சுத்தறப்ப ஒவ்வொரு பல்லும் சென்சார் மூஞ்சிய தாண்டிப் போவும். சென்சார் அத ஒயர் வழியா டப்பாவுக்கு சொல்லிகினே இருக்கும், ஓடுது, ஓடுது, ஓடுதுன்னு. சக்கரம் திடீர்னு நின்னா சென்சார் கம்முனு ஆயிடும். டப்பா உசாராயி வால்வாண்ட, காத்த கொஞ்சம் வுடுய்யான்னும். வால்வு வுடும், சக்கரம் உருளும். ஒடனே மறுபடி புடிக்கும். வுடும். புடிக்கும். பின்னாடி டப டப டபன்னு சத்தம் வரும். என் வூட்டுக்காரி என்ன வெச்சிகினு குடித்தனம் பண்றதும் இதே டெக்னிக்குதான்.

எல்லா சக்கரத்துக்கும் சென்சார் கெடையாது. எங்களாண்ட வர்ற வண்டிங்கள்ல நடு ஆக்ஸில்ல லெப்டு சைடு ஒண்ணு, ரைட்டு சைடு ஒண்ணு. நான் அதுக்கு காதுன்னு பேர் வெச்சிட்டேன். டிரெய்லரோட முன் ஓரத்துல மஞ்சளா ஒரு லேம்ப்பு, டிரைவர் கண்ணாடில பாத்தா தெரியற மாதிரி. சாவி போட்டா எரியணும், அப்பால அணையணும். வண்டி உருண்டதும் திரும்ப எரிஞ்சிதுன்னா ஏதோ ஒரு காது டமாரம்.

ரோட்ல இதுக்கு ஒரு கை வைத்தியம் கீது. பல்ப புடுங்கிப் போட்டுடுவானுங்க. கேஸ் பிளான்ட் கேட்ல நிக்கற செக்யூரிட்டிங்க உசாராயி, சாவி போட்டா எரியுதான்னு பாக்க ஆரம்பிச்சாங்க. ஒடனே எங்காளுங்க லேம்ப்பு ஒயர வேற எடத்துல குடுத்து, எரிஞ்சிட்டு தானா அணையற மாதிரி பண்ணிட்டானுங்க. லேம்ப்பு பாஸு, பிரேக்கு பெயிலு.

ஒரு ஆயுத பூஜை முடிஞ்ச வாரம். மழை புடிச்சிகிச்சி. காலைல ஒரு கேஸ் டேங்கர் கொட்டாய்க்குள்ள வந்துச்சி. முன்னாடி கட்டின வாழக்கன்னு வாடிப்போய் தொங்குது, பம்பர்ல சந்தனம் மழையில கரைஞ்சி ஓடுது. டிரைவர் எனக்குத் தெரிஞ்ச அண்ணன்தான். ஆளு தேக்கு மரம் மாதிரி இருப்பாரு, பேச்சு கம்மி. கூட டிரான்ஸ்போர்ட் சூப்பர்வைசர். சின்ன வயசு, இஸ்திரி சட்ட, ரெண்டு கையில ரெண்டு போன். சேத்துல கால் வெக்கறதுக்கு அவுரு எடம் தேடின தேடல பாத்தா நிலம் வாங்க வந்தவரு மாதிரியே இருந்துச்சி.

"இன்னாண்ணா, லேம்ப்பு கண்ணடிக்குதா?"

"கண்ணடிச்சா பரவால்லடா. மொறைக்குது"ன்னாரு அண்ணன்.

சூப்பர்வைசர் குறுக்க வந்தாரு. "இங்க பாருங்க, செங்கல்பட்டு தாண்டி பிளான்ட். மத்தியானம் சாப்பாட்டுக்கு கேட் மூடறதுக்குள்ள வண்டி உள்ள இருக்கணும். இல்லைன்னா லோடு வேற வண்டிக்குப் போயிடும். எப்படியாவது அந்த லேம்ப்பை அணைச்சு குடுங்க."

"எப்டியாவதுன்னா வோணாம்"ன்னாரு அண்ணன். "ஒயுங்கா அணையணும்."

"அண்ணே, நீங்க எடுக்கலைன்னா வேற டிரைவர் ரெடியா இருக்காரு. நான் மரியாதைக்கு சொல்றேன்."

அண்ணன் அந்தாண்ட போனாரு. டயர்ல சாஞ்சி நின்னாரு. நான் ரெண்டு டீ சொல்லிட்டு, அவுராண்ட போய், இன்னாண்ணா இவ்ளோ ராங்கு பண்றன்னு கேட்டேன். அப்பதான் சொன்னாரு. போன மழைக்கு கர்நாடகா பக்கம் லோடு எறக்கிட்டு காலி வண்டியா மலை எறங்கிகினு இருந்துருக்காரு. ஏ.பி.எஸ். இல்லாத பழைய டிரெய்லர். வளைவுல பிரேக்க மிதிச்சிருக்காரு.

"கண்ணாடில பாக்கறேன், என் டிரெய்லர காணோம்டா. எங்கடா போச்சின்னு ஜன்னல்ல திரும்பறேன், பக்கத்துல வந்து என்ன எட்டிப் பாக்குது."

"அய்யோ. அப்பால?"

"பாறை புடிச்சிகிச்சி. அது மடங்கின பக்கம் பாறை இருந்துச்சி, பொயச்சேன். அந்தாண்ட பக்கம்னா, உங்கண்ணி போட்டோவுக்கு பத்தி கொளுத்திகினு இருந்துருக்கும்."

அதுக்கப்பறம் அவுரு மலைக்கே போவல. சேலையூர், மாடம்பாக்கம்னு தண்ணி லாரி ஓட்டிகினு இருந்தாரு. தெருவுல பொம்பளைங்க கொடத்த வெச்சிகினு, ஏன் லேட்டுன்னு திட்டறத வாங்கிகினு. இந்த வண்டில ஏ.பி.எஸ். கீதுன்னு சொன்னதாலதான் திரும்ப டிரெய்லர் ஏறினாரு. இன்னிக்கு லோடும் அதே கர்நாடகா பக்கம். திரும்பறப்ப அதே மலை, அதே மழை, காலி வண்டி.

"இந்த லேம்ப்பு பொய் சொல்லிச்சின்னா சாவிய குடுத்துட்டு எறங்கிடுவேன்டா. மறுபடி தண்ணி லாரி. ஆனா மெய்யா அணைஞ்சா நான் ஓட்டுவேன். எனக்கு ஓட்டணும்டா." கடைசி வார்த்தைய அவுரு என்னாண்ட சொல்லல, டயராண்ட சொன்னாரு.

நான் ஸ்பேனர் எடுக்கப் போறப்ப சூப்பர்வைசர் என்ன வேப்ப மரத்தாண்ட இட்டுகினு போனாரு. "உங்களுக்கு தெரியாததா? ஒயரை மாத்தி குடுத்துடுங்க. அவருக்கு தெரிய வேணாம்."

"சார், எனக்கு ரகசியம் சொன்னா வயிறு ஊதிக்கும் சார். சாயந்தரத்துக்குள்ள குரோம்பேட்ட வரைக்கும் சொல்லிடுவேன்."

"விளையாடாதீங்க. எனக்கும் வேலை போயிடும்."

பாவமா இருந்துச்சி. அவுரு மூஞ்சிலயும் தூக்கம் இல்ல. "பாக்கலாம் சார்"ன்னேன். பாக்கலாம்னு சொல்றது எனக்குப் பழக்கம், அதுக்கு ஒரு அர்த்தமும் கெடையாது. ஆனா திரும்பிப் பாத்தா, டீ கிளாஸ வாய்கிட்ட வெச்சிகினு அண்ணன் எங்க ரெண்டு பேரையும் பாத்துகினு நிக்கறாரு.

அடில போனேன். ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல எப்.சி.க்கு காட்டறதுக்கு சேசிஸ் மொத்தமும் கறுப்பு பெயிண்ட் அடிச்சிருந்தானுங்க. பெயிண்டர் கையில ஸ்பிரே கன்ன குடுத்துட்டா அவன் எதையும் வுடமாட்டான். டப்பாவுக்கு பெயிண்ட், வால்வுக்கு பெயிண்ட், ஒயருக்கு பெயிண்ட். ஒரு பல்லி ஒட்டிகினு இருந்துருக்கு, அதுவும் கறுப்பா அங்கியே கீது. இஞ்சினுக்கும் டிரெய்லருக்கும் நடுவுல சுருள் ஒயர் வந்து சொருவுற சாக்கெட்ட தொறந்தா, உள்ள பின்னுங்க மேலயும் பெயிண்ட். கண்டுபுடிச்சிட்டேன்டான்னு கத்தினேன். உப்புத்தாள சுருட்டி ஒவ்வொரு பின்னா தேச்சேன். சாவி போடச் சொன்னேன். எரிஞ்சிது. அணைஞ்சிது.

நான் கீய இருந்தே ஒரு ஸ்டெப்பு போட்டேன். படுத்துகினே ஆடறதுல நமக்கு ஒரு தனித் தெறம கீது.

அண்ணன் வண்டிய கொஞ்சம் முன்னாடி உருட்டினாரு. மஞ்சளா திரும்ப எரிஞ்சிது. நான் ஆட்டத்த நிறுத்தி, ஏதோ ஓஸ தொடைக்கற மாதிரி தொடைச்சேன்.

அப்பன்னா காதுல ஏதோ ஒண்ணு. பக்கத்து கடை டி.வி. மெக்கானிக்காண்ட முள்ளு வெச்ச மீட்டர் ஒண்ணு கீது, அத ஓசில வாங்கியாந்தேன். அதுல எழுதியிருக்கறது எனக்கு படிக்க வராது, ஆனா முள்ளு ஆடுதா ஆடலையான்னு பாக்கறதுக்கு படிப்பு எதுக்கு? ரைட்டு சைடு சக்கரத்த ஜாக்கில தூக்கி, சென்சார் ஒயர கழட்டி மீட்டர்ல குடுத்து, கையால சுத்தினேன். முள்ளு துள்ளிச்சி. லெப்டு சைடு தூக்கி அதே மாதிரி சுத்தினேன். முள்ளு அசையல. இன்னும் வேகமா சுத்தினேன். எனக்குதான் மூச்சு வாங்கிச்சி.

அந்த நேரத்துக்கு என் வூட்டுக்காரி வந்துட்டா. தாம்பரம் மார்க்கெட்ல மீன் விக்கறா, கடலோரத்துல பொறந்தவ. காலைல கூடைய காலி பண்ணிட்டு, எனக்கு சாப்பாடு குடுத்துட்டுதான் வூட்டுக்குப் போவா.

"சங்கரா கொழம்பு ஆறுது. எந்திரி."

"இரு, இதுக்கு ஒரு காது கேக்கல."

"உனக்கு ரெண்டுமே கேக்காது, உன்ன நான் வெச்சிகினு ஓட்டல?"

அண்ணன் சிரிச்சாரு. அன்னிக்கு அவுரு சிரிச்சது அப்பதான் மொத. சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கல. ஒரு போன்ல ஓனரு, இன்னொரு போன்ல பிளான்ட்டு. "வந்துட்டே இருக்கோம் சார், பெருங்களத்தூர் தாண்டிட்டோம்"னாரு, எங்க கொட்டாய்ல டயர் மேல குந்திகினு.

நான் டார்ச்ச புடிச்சிகினு லெப்டு சக்கரத்துக்குப் பின்னாடி தலைய வுட்டேன். அப்பதான் தெரிஞ்சிது. ரைட்டு சைடு சென்சார் ரிங்கோட பல்ல உரசிகினு நிக்குது. இங்க சென்சாருக்கும் ரிங்குக்கும் நடுவுல சந்து. சென்சார் ஒடம்புல பளபளன்னு புது பிளையர் கடி.

"யாரோ பிளையர் போட்டு இத வெளிய இழுத்துருக்கான்!" அடிலேர்ந்து கத்தினேன். "எந்த கஸ்மாலம்டா இத பண்ணது? அவன் கைய வெட்டணும்!"

மழை தகரத்துல கொட்டுது.

"கஸ்மாலம்னு சொல்லாத"ன்னாரு அண்ணன். "நான்தான்."

நான் தலைய தூக்கி ஆக்ஸில்ல முட்டிகினேன்.

இன்னா நடந்துச்சின்னா, பூஜைக்கு முன்னாடி வேற எடத்துல லைனிங் மாத்திருக்காங்க. வண்டிய வெளிய எட்த்ததும் லெப்டு சைடு கிர்ரு கிர்ருன்னு ஏதோ உரசற சத்தம். அண்ணன் அடில பூந்து பாத்துருக்காரு. சென்சார் ரிங்குல ஒட்டிகினு கீது. உயிர காப்பாத்தற பொருளு தேஞ்சி போயிடப் போவுதேன்னு, பிளையர்ல கொஞ்சம் இழுத்து, தீப்பெட்டி அட்டைய நடுவுல வெச்சி, கரெக்டா கேப் வுட்டுட்டு, அட்டைய எடுத்துட்டு, சந்தனம் வெச்சி கும்புட்டுட்டு வந்துருக்காரு.

"கேப் வுடாம எந்த பார்ட்டுடா வேல செய்யும்?"ன்னு என்ன கேட்டாரு.

எனக்கும் அதான் தெரியும். எங்க தொழில்ல எல்லாமே கேப்புதான். வால்வுக்கு கேப்பு, பாயிண்ட்டுக்கு கேப்பு, லைனிங்குக்கும் டிரம்முக்கும் கேப்பு. நாங்க வேல கத்துகினவங்க எல்லாரும் தீப்பெட்டி அட்டைலயும் பீடிக்கட்டு காகிதத்துலயும் கேப்பு வெச்சவங்க. ரெண்டு இரும்பு ஒண்ணோட ஒண்ணு தொட்டுகினு சுத்தினா அது தப்புன்னு கையிலயே ஊறிப்போச்சி. நானா இருந்தாலும் அதே பிளையர எடுத்துருப்பேன். அட்ட மட்டும் வேற கம்பெனி தீப்பெட்டியா இருந்துருக்கும்.

"சரி, அப்ப கேப்ப கம்மி பண்ணலாம்"ன்னேன். "எவ்ளோ?"

"எனக்கு இன்னா தெரியும்? நீதான மெக்கானிக்கு?"

"யாரு சொன்னா?"

சூப்பர்வைசர் கம்பெனிக்கு போன் போட்டாரு. பாட்டு வந்துச்சி. திரும்பப் போட்டாரு. அதே பாட்டு, மொதல்லேர்ந்து.

போஸ்டு கார்டு மொத்தத்துக்கு வெச்சி சுத்தினேன். முள்ளு லேசா நடுங்கிச்சி, குளிர்ல நிக்கறவன் மாதிரி. பேப்பர் மொத்தத்துக்கு வெச்சேன். இன்னும் கொஞ்சம் ஆடிச்சி. ரைட்டு சைடு துள்ளின துள்ளல் வரல. பேப்பர உருவறது, வெக்கறது, சுத்தறது. வெளிய என் காலு ஆடறது எனக்கே தெரியுது. பொறுமைன்னு ஒண்ணு என்னாண்ட எப்பவும் இருந்தது கெடையாது, இருந்த மாதிரி நடிச்சது அதோட தீந்துச்சி. பேப்பர தூக்கிப் போட்டேன். கட்ட வெரல வெச்சி சென்சார ஒரே அமுத்தா அமுத்தினேன். டக்குன்னு போய் ரிங்குல முட்டிச்சி.

"டேய், ஒட்டிகிச்சிடா! தேயும்டா!" டக்குன்ன சத்தம் கேட்டு அண்ணன் மேலேர்ந்து கத்தறாரு.

"தேஞ்சா தேயட்டும்ணா! எனக்கு மண்ட தேயுது!"

சக்கரத்த சுத்தினேன். கிர்ர்ருன்னுச்சி, அவுரு சொன்ன அதே சத்தம். இன்னும் ஒரு சுத்து. கிர்ரு. இன்னும் கொஞ்சம். சத்தம் நின்னுச்சி. சக்கரம் மட்டும் சுத்துது, உள்ள கம்முனு கீது. மீட்டர பாத்தா முள்ளு துள்ளிகினு கீது, ரைட்டு சைடு மாதிரியே. டார்ச்சடிச்சிப் பாத்தேன். ரிங்கே அந்த சென்சார தள்ளி, தனக்கு எவ்ளோ எடம் வோணுமோ அவ்ளோ எடுத்துகிச்சி. அட்டையும் வோணாம் கார்டும் வோணாம். முழுசா உள்ள தள்ளிட்டு கம்முனு வுட்டுட வேண்டியதுதான். அவ்ளோதான் விஷயம். இத யாராவது எனக்கு மொதல்லயே சொல்லியிருந்தா நானும் பெரிய மெக்கானிக்கா ஆயிருப்பேன்.

ஜாக்கிய எறக்கி, ஒயர மாட்டி, சாவி போட்டோம். எரிஞ்சிது, அணைஞ்சிது. கொட்டாய்க்குள்ளயே முன்ன பின்ன உருட்டினாரு. எரியல.

"சூப்பர்! கெளம்புங்க கெளம்புங்க!" சூப்பர்வைசர் கேபின்ல ஏறி குந்திட்டாரு.

ஆனா அண்ணன் எறங்கிட்டாரு. என்கிட்ட வந்து நின்னாரு. "அந்த மரத்தாண்ட அவுரு உன்னாண்ட இன்னாடா சொன்னாரு?"

"லேம்ப்ப அணைக்கச் சொன்னாரு."

"நீ அணைச்சிட்ட."

"நான் அணைக்கலண்ணா, அது அணைஞ்சிது! சென்சார தள்ளினத நீயே பாத்த இல்ல?"

"நான் மேல நின்னுகினு இருந்தேன். உன் காலத்தான் பாத்தேன்."

"எங்கம்மா சத்தியமா."

"உங்கம்மா தலைல நீ எத்தினி சத்தியம் அடிச்சிருக்கன்னு எனக்குத் தெரியாதா?"

இங்கதான் நம்ம பொழப்பு சிரிப்பா சிரிச்சிது. எங்க ஏரியால நான் சொன்னத நம்பி யாரும் டீ கூட வாங்க மாட்டாங்க. போற வர்றவன் எல்லாத்தையும் கலாய்ச்சே வளந்தவன். ஒரு கிளீனராண்ட, டயருக்கு உள்ள கீற காத்துக்கு எக்ஸ்பைரி கீதுடா, மாத்தணும்டான்னு சொல்லி, அவன் பல்லாவரம் வரைக்கும் போய் கேட்டுட்டு வந்தான். அப்டிப்பட்ட வாய வெச்சிகினு, இப்ப உண்மைய சொல்றேன்னா எவன் நம்புவான்?

என் வூட்டுக்காரி வாளில கை கழுவிகினே சொன்னா, "இவன் சொல்றத நம்பாதீங்கண்ணா. நானே நம்பறது கெடையாது. வேற எதுனா வெச்சி டெஸ்ட் பண்ணிப் பாருங்க."

அண்ணன் டிரெய்லர ஒரு சுத்து சுத்தி வந்தாரு. அப்பால, "அந்த சென்சார் ஒயர புடுங்கு"ன்னாரு.

"இன்னாது?"

"புடுங்குடா. நெஜமா வேல செஞ்சா, புடுங்கினதும் லேம்ப்பு எரியணும். நீ டகுலு பண்ணியிருந்தா எரியாது."

சரியான பேச்சு. ஆனா இவ்ளோ பாடுபட்டு நல்லா பண்ணத கெடுத்துக் காட்டுங்கறாரு. திரும்ப வரலன்னா? நான் இன்னா தெரிஞ்சா பண்ணேன்? கட்ட வெரல் பண்ணுச்சி. சூப்பர்வைசர் ஜன்னல்ல தலைய நீட்டி, "யோவ், கேட் மூடிடுவாங்கய்யா!"ன்னு கத்தறாரு. அண்ணன் அந்தப் பக்கம் திரும்பவேல்ல.

புடுங்கினேன். மஞ்சளா எரிஞ்சிது.

அண்ணன் மூச்சு வுட்டாரு. பெரிய மூச்சு. "மாட்டு"ன்னாரு.

மாட்டினேன். எரிஞ்சிகினே இருந்துச்சி.

சாவிய அணைச்சி போட்டாரு. எரியுது. திரும்ப அணைச்சி போட்டாரு. அணைவேனாங்குது. சூப்பர்வைசர் ரெண்டு போனையும் மடில வெச்சிகினு கண்ண மூடிட்டாரு. நான் பிளக்க புடுங்கி மாட்டறேன், ஊதறேன், திட்டறேன், கும்புடறேன். அண்ணன் ஸ்டீரிங்க புடிச்சிகினு குந்தியிருந்தாரு. அவுரு கண்ணுல தண்ணி லாரி தெரிஞ்சிது.

"முன்னையும் உருட்டினப்பதான காட்டிக் குடுத்துச்சி?"ன்னா என் வூட்டுக்காரி. "நிக்க வெச்சே மாரடிக்கறீங்க. உருட்டித்தான் பாருங்களேன்."

கொட்டாய்க்குள்ள உருட்டினா பத்தல. ஒயர புடுங்கினத ஞாபகம் வெச்சிகினு கீற டப்பா, சக்கரம் நல்ல வேகத்துல ஓடறத கேட்டாதான் நம்பும் போல. அண்ணன் வண்டிய அப்டியே ஜி.எஸ்.டி. ரோட்டுக்கு எட்த்தாரு. நான் செருப்பு போடாம பக்கத்துலயே ஓடறேன், மழையில, லேம்ப்ப பாத்துகினே. எரியுது. பின்னாடி ஷேர் ஆட்டோக்காரன் ஆரன் அடிச்சி, "வூட்ல சொல்லிட்டு வந்தியாடா!"ங்கறான். கியர் மாத்தினாரு. வண்டி வேகம் புடிக்குது. எரியுது. பஸ் ஸ்டாப்பாண்ட போறப்ப, நான் மூச்சு வாங்கி நிக்கப் போறப்ப, லேம்ப்பு அணைஞ்சிது.

அணைஞ்சே இருந்துச்சி. நான் பஸ் ஸ்டாப்ல கீறவங்களாண்ட, "அணைஞ்சிடுச்சி! அணைஞ்சிடுச்சி!"ன்னு குதிச்சேன். காலேஜு பொண்ணுங்க ரெண்டு பேரு கொடைய குறுக்க புடிச்சிகினாங்க. அண்ணன் நிறுத்தல. ஜன்னல்ல கைய வெளிய நீட்டினாரு, அவ்ளோதான். வண்டி பெருங்களத்தூர் பக்கம் போயிட்டே இருந்துச்சி.

கொஞ்ச நேரத்துல சூப்பர்வைசர் போன் பண்ணாரு. கேட்ல செக்யூரிட்டி ஓட்டச் சொல்லிப் பாத்தாராம், லேம்ப்பு அணைஞ்சே இருந்துச்சாம், வண்டி உள்ள போயிடுச்சாம். அவுருக்கு அதோட முடிஞ்சிது. எனக்கு முடியல.

அண்ணன் லோடு எறக்கிட்டு திரும்பி மலை எறங்கற வரைக்கும் எனக்கு வேல ஓடல. அந்த சென்சார் அங்கியே கீதா, இல்ல குலுங்கி வெளிய வந்துடுச்சா? அந்த பிளையர் கடில ஒயர் உள்ள அறுந்து கிறுந்து போயிருந்தா? நான் அமுத்தினது சரிதானா? வர்ற வண்டிக்கெல்லாம் அடில பூந்து சென்சார தொட்டுத் தொட்டுப் பாத்தேன். டயர் மாத்த வந்தவன் ஒருத்தன், "யோவ், பிரேக்கெல்லாம் நல்லா கீது, இன்னாய்யா நோண்டற?"ன்னு தொரத்தினான். வூட்ல சோத்த பெசஞ்சி பெசஞ்சி கஞ்சியாக்கினேன். வூட்டுக்காரி கேட்டா, "அந்த அண்ணனா உன்ன கட்டிகினாரு? இப்டி ஏங்கற?" நியூஸ்ல கர்நாடகா மழைன்னு சொன்னா டி.வி.ய அணைச்சேன். கொஞ்ச நேரத்துல நானே போட்டேன்.

ஒரு நாளு ஒரு கண்டெய்னர் வண்டிக்கு அடில கீறப்ப போன் அடிச்சிது. கை முழுக்க கிரீஸு, தோளால காதுல சொருவிகினேன்.

"டேய், எறங்கிட்டேன்டா"ன்னாரு அண்ணன். "மலைக்குக் கீய டீ குடிச்சிகினு கீறேன்."

"லேம்ப்பு?"

"எரியல."

"பிரேக்கு?"

"இன்னாடா, போலீஸ் மாதிரி கேக்கற?" டீ உறிஞ்சற சத்தம் வந்துச்சி. "அதே வளைவு. ஒரு மாடு. நடு ரோட்ல. நான் மிதிச்சேன். நல்லா மிதிச்சேன். பின்னாடி டப டப டபன்னுச்சி."

"மாடு?"

"அதுக்கு இன்னா, நின்னு என்ன ஒரு பார்வ பாத்துட்டு மெதுவா போச்சி."

"டிரெய்லரு?"

திரும்ப டீய உறிஞ்சினாரு. "கண்ணாடில பாத்தேன்டா. பின்னாடியே கீது. அது கீற எடத்துலதான் கீது."

"நல்லதுண்ணா"ன்னேன். ஏதாவது ஒரு ஜோக்கு சொல்லணும்னு தேடினேன், ஒண்ணும் வரல. அவுரும் போன வெக்கறேன்னு சொல்லல. அவுரு பக்கம் மழை வேற சத்தமா பேஞ்சிது, என் பக்கம் தகரத்துல வேற சத்தமா. ரெண்டையும் கேட்டுகினே இருந்தோம், அவுரு போன்ல பேலன்ஸு தீந்து கட்டாவற வரைக்கும்.